ஞானபாய் ஏலம் கேட்ட குலை

எங்க சபையில அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் போடுறவன் இந்தப் பால்பாண்டிதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஒத்துக்கிடுதேன். ஆனா ஞானபாயைப் பத்தி நான் சொன்னாத்தான் சரியா இருக்கும்.

போனக்காடு எஸ்டேட்டுல தேயிலை பறிச்ச குடும்பம். எஸ்டேட் படுத்ததும் மலையிறங்கி திருவனந்தபுரம் வந்து, தம்பானூர்ல ரோட்டோரமா தட்டுக்கடை போட்டா. போலீஸ்காரன் தோசை தின்னாலும் காசு வாங்காம விடமாட்டா. அவளுக்கு ஆகாத ஒரே ஆள் ரோஸ். இவ கடையில பாத்திரம் கழுவின பிள்ளை, இப்ப ஏசி ஹோட்டல் முதலாளி. "கர்த்தர் அவளுக்கு மட்டும் ஏன் அள்ளிக் குடுத்தாரு அண்ணே?"ன்னு என்கிட்ட எத்தனையோ தடவை கேட்டிருக்கா.

இந்த வருஷம் போதகர் பிரசங்கமே பிறன் பொருளை இச்சிக்கிறதைப் பத்தித்தான். ஞானபாய் முன்வரிசையில இருந்து சத்தமா ஆமென் சொன்னா. பிறகு காணிக்கைப் பொருளை ஏலம் விட்டேன். ரோஸ் கொண்டுவந்த கேக் அஞ்சாயிரத்துக்குப் போச்சு. ஞானபாய் கொண்டுவந்த ஏத்தன் வாழைக்குலை முந்நூறுலயே நின்னுட்டு.

தான் படைச்சது மலிவாப் போனா எங்க ஆளுகளுக்கு மானம் போயிரும். ஞானபாய் எழும்பி, தன் குலையைத் தானே ஏலம் கேட்டா. "ஆயிரம்."

"ரெண்டாயிரம்"னா ரோஸ்.

இவ மூணுன்னா, அவ நாலு. இவ அஞ்சுன்னதும் எனக்குப் பதறிட்டு. அது புது கேஸ் அடுப்புக்கு வச்சிருந்த காசு. பழைய அடுப்பு கசிஞ்சு கடையே பூட்டிக் கிடக்கு. அடுப்பு வரலைன்னா பிழைப்பு இல்ல.

"ஏய் ரோஸ், விடேன்"னு மைக்லயே அதட்டினேன்.

"அக்கா குலை என் கேக்கைவிடக் குறைஞ்சு போகலாமா அண்ணே? ஆறாயிரம். அக்கா, நீங்க கேக்காதீங்க, நான் எடுத்துக்கிடுதேன்."

ஞானபாய் பணப்பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. "இவளைப் பாத்துத்தானா இத்தனை வருஷமா வெந்துக்கிட்டுக் கெடந்தேன்"னு எல்லாருக்கும் கேக்கச் சொன்னா. பிறகு என்னைப் பாத்து, "முழிக்காதீங்க அண்ணே, அவ பேருக்கு முடிங்க"ன்னா.

அந்த வாரமே புது அடுப்பு வந்துட்டு. குலை பழுத்ததும் ரோஸ் அதைத் தட்டுக்கடைக்கே குடுத்துவிட்டா, மாவுல முக்கிப் பழம்பொரி போடச் சொல்லி. முதல் தட்டு ரோஸ் ஹோட்டலுக்குத்தான் போச்சு.

"அவ பழந்தானே, காசு வாங்கினியா?"ன்னு கேட்டேன்.

"வாங்காம? முதலாளியம்மால்லா, குடுக்கட்டும்"ன்னு சிரிச்சா. அந்த வார்த்தையை வயித்தெரிச்சல் இல்லாம அவ சொல்லி நான் அன்னைக்குத்தான் கேட்டேன்.