காலியாக விட்ட ஞாயிறு

ஊர் உலகத்துக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கழிய வேண்டும் என்று தீர்மானிக்கிற ஒருத்திக்குச் சொந்தமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்றால் யாராவது நம்புவார்களா? கட்டம்மாவைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள்.

கட்டம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. தொழில்முறைக் கால்பந்து லீக்கின் அலுவலகத்தில், மூன்றாவது மாடியில், ஏசி சொட்டுகிற மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் வாளிக்குப் பக்கத்தில் அவளுமாக உட்கார்ந்திருப்பாள். பன்னிரண்டு அணிகளில் யார், யாரோடு, எந்த ஊரில், எந்த நாளில் மோதுவது என்று கட்டம் கட்டமாகப் போடுவது அவள் வேலை. அதனால் கட்டம்மா. சம்பளம் போடுகிறவர்களுக்குக்கூட அவளுடைய நிஜப் பெயர் ஒரு நிமிடம் யோசித்தால்தான் வரும்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் போடாதா என்று கேட்பவர்கள் உண்டு. போடும். ஒரு பொத்தானைத் தட்டினால் ஆயிரம் அட்டவணையைத் துப்பும். ஆயிரத்திலும் யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஒரு அணிக்குத் தொடர்ந்து இரண்டு ஆட்டம் வெளியூரில் என்றால் ஆகாது. இரண்டு அணிகளுக்கு ஒரே மைதானம். ஒருவர் ஊரில் இருந்தால் மற்றவர் ஊரை விட்டுப் போயாக வேண்டும். போலீஸ்காரர்கள் ஒரே நாளில் இரண்டு கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்பார்கள். பயிற்சியாளர் ஒருவருக்கு வியாழக்கிழமை ராசியில்லை. காரணம் கேட்டால் முதல் மனைவியிலிருந்து ஆரம்பிப்பார். இவர்கள் எல்லோருடைய தாடையையும் தாங்கிப் பிடித்துக் கட்டம்மா ஒரு அட்டவணையைத் தேற்றிக்கொண்டு வந்தால், கடைசியில் ஒளிபரப்புச் சேனல்காரர் வருவார். வந்து, நல்ல ஆட்டத்தையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குத் தூக்கிக்கொண்டு போவார். அவரை அலுவலகத்தில் பிரைம் டைம் என்றே சொல்வார்கள். அவர் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி.

ஆட்டம் நடக்கிற நாளில் அட்டவணைக்காரி அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும். மழை வரும், விளக்கு அணையும், வரவேண்டிய அணியின் பஸ் பாதி வழியில் நின்று போகும். உடனே நேரத்தை மாற்ற, நாளை மாற்ற ஒரு ஆள் வேண்டுமே. சீசன் எட்டு மாதம். எட்டு மாதத்து ஞாயிறுகளும் லீக்குக்கே நேர்ந்துவிட்டவை.

அவளுடைய வீட்டுக்காரர் ஒரு ராத்திரி ரயில் பயண தூரத்தில், மின் நிலையத்தில் டர்பைன் பார்த்துக்கொள்கிறார். அங்கே ஷிப்டு சுற்றிச் சுற்றி வரும். அவருடைய விடுமுறை திங்களில் விழும், புதனில் விழும், செவ்வாயையும் ஞாயிற்றையும் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போகும். இவளுடைய வார விடுமுறையோ செவ்வாய். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும், ஒரு வருஷத்தில் யாராவது ஒருவர் மாற்றல் வாங்கிவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். இப்போதும் அதையேதான் பேசிக்கொள்கிறார்கள்.

"அண்ணி, நீங்களும் அண்ணனும் லீக்ல ரெண்டு டீமா இருந்திருந்தாக்கூட சீசனுக்கு ரெண்டு தடவை சந்திச்சிருப்பீங்க. சொந்த ஊர்ல ஒண்ணு, வெளியூர்ல ஒண்ணு" என்பாள் நாத்தனார். கட்டம்மா சிரிப்பாள். போனை வைத்த பிறகு அவ்வளவாகச் சிரிக்கமாட்டாள்.

அவள் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. காலையில் லேட்டாக எழுந்திருக்க வேண்டும். அவர் பேப்பரைத் தப்பும் தவறுமாக மடித்து வைப்பதைப் பார்த்து எரிச்சல்பட வேண்டும். ஃபேனை இரண்டில் வைப்பதா நாலில் வைப்பதா என்று ஒரு சாவகாசமான சண்டை போட வேண்டும். போனில் சண்டை போட்டால் யாராவது ஒருவர் கட் பண்ண வேண்டியிருக்கிறது. நேரில் போட்டால் பசிக்கிறபோது அதுவாகவே நின்று போகும். அப்படி நின்று போகிற சண்டை ஒன்றுக்காகத்தான் அவள் ஏங்கினாள்.

இந்தச் சீசனில் நடுவாக்கில் ஒரே ஒரு ஞாயிறு அவருக்கு விடுமுறையாக விழுந்தது. அவர் போனில் அந்தத் தேதியைச் சொன்னதும் கட்டம்மா தலையைச் சொறிந்தாள். மறுநாள் காலை, அந்தத் தேதிக்கு நேரே இருந்த ஆறு கட்டங்களையும் காலியாக விட்டு மற்றதையெல்லாம் நகர்த்தினாள். அதிகாரம் என்றால் இதுதான் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அட்டவணைக் கூட்டத்தில் பிரைம் டைம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"என்னம்மா இது, நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை பல்லு விழுந்த மாதிரி இருக்கு?"

"புல்லுக்கு ஓய்வு சார்."

"எதுக்கு?"

"புல்லுக்கு. எட்டு மாசம் போட்டு மிதிக்கிறோம். ஒரு வாரம் மூச்சு விட்டுக்கட்டுமே."

"புல்லு நமக்கு விளம்பரம் குடுக்குமா?"

"புல்லு செத்துப்போச்சுன்னா நீங்க மண்ணைத்தான் சார் காட்டணும். ஹெச்டியில மண்ணு ரொம்ப அழகாத் தெரியும்."

பிரைம் டைம் யோசித்தார். மண்ணுக்கு எந்தக் கம்பெனியும் விளம்பரம் தராது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டார். அதோடு போகவில்லை. புல்லைப் பற்றி நினைக்கவும் தலைமை அலுவலகத்தில் ஒரு ஜீவன் இருக்கிறதே என்று நெகிழ்ந்து போய், மைதானம் பராமரிக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து அவளுக்குப் பூங்கொத்து அனுப்பினார்கள். அதை வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கட்டம்மா இரண்டு நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தபோது மழை வந்தது. எங்கோ ஒரு ஊரில், கடைசி இடத்து அணிக்கும் அதற்கு முந்தைய இடத்து அணிக்கும் நடக்கவேண்டிய ஆட்டம். மைதானம் குளமாகிவிட்டது. கோல் கம்பங்களுக்குள் ஒரு வாத்து நீந்துவதை யாரோ படமெடுத்து அனுப்பினார்கள். அந்தக் கடைசி இடத்து அணி அந்தச் சீசனில் கோலுக்குள் அனுப்பிய முதல் உருப்படி அதுதான் என்று அலுவலகமே சிரித்தது. கட்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. மழையில் நின்றுபோன ஆட்டத்தை எப்போது நடத்துவது என்பதற்கு லீக்கில் ஒரு விதி இருக்கிறது: அடுத்து வரும் காலியான ஞாயிற்றுக்கிழமையில் நடத்த வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால், அணிகள் நாளுக்காக அடித்துக்கொள்வதைப் பார்க்கச் சகிக்காமல் அந்த விதியை எழுதியவள் கட்டம்மா. அப்போதெல்லாம் காலியான ஞாயிறு சீசனின் கடைசியில்தான் வரும். நடுவில் ஒன்று வரும் என்று அவளே நினைத்திருக்கவில்லை. விதி எழுதுகிறவர்கள் தங்களுக்கென்று ஓரத்தில் ஒரு சந்து விட்டு எழுதுவார்கள். இவள் ஒரு சந்துகூட விடவில்லை. அது அவளுடைய கெட்டிக்காரத்தனம். அதுவே அவளுடைய கெட்ட நேரமும்.

சந்து இல்லை என்றும் முழுக்கச் சொல்ல முடியாது. இரண்டு அணிகளும் ஒப்புக்கொண்டால் வேறு நாளில் வைக்கலாம். ஒரு புதன்கிழமை இருந்தது. அன்றைக்கு வைத்தால், வெளியூரிலிருந்து வருகிற அணி ஒரே வாரத்துக்குள் மூன்று ஆட்டம் ஆட வேண்டியிருக்கும். ஏற்கெனவே பாதிப் பேர் முழங்காலில் கட்டோடு திரிகிறார்கள். அவர்களுடைய பயிற்சியாளருக்குப் போன் போட்டாள். மனுஷன் இரண்டு வார்த்தை சண்டை போட்டிருந்தால் புதனையே போட்டுத் தொலைத்திருப்பாள்.

"நீங்க எப்ப வைக்கிறீங்களோ அப்ப வர்றோம் மேடம். நடக்க முடிஞ்சவங்களைக் கூட்டிட்டு வர்றோம்" என்றார் அவர்.

பாவமாகப் பேசியதுதான் தொல்லையாகப் போயிற்று. கட்டம்மா புதன் என்று அடித்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாளியில் நாலைந்து சொட்டு விழுந்தது. பிறகு அதை அழித்துவிட்டு ஞாயிறு என்று அடித்தாள். பிற்பகல் ஆட்டமாகப் போட்டாள். சாயங்காலமாவது மிஞ்சட்டும் என்று.

வீட்டுக்காரருக்குச் சொன்னபோது பின்னால் டர்பைன் இரைந்துகொண்டிருந்தது.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை ஒரு மேட்ச் வந்துடுச்சு."

"யாரு போட்டா?"

"நான்தான்."

"நீதானே காலி பண்ணினே?"

"அதுவும் நான்தான்."

"சரி விடு. டிக்கெட் எடுத்தாச்சு. வந்து உன் ஆபீஸ்ல ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். உன்னைப் பாக்கத்தானே வர்றேன், ஞாயித்துக்கிழமையைப் பாக்கவா வர்றேன்?"

இதற்குள் பிரைம் டைமின் மூளையில் மின்னல் வெட்டியிருந்தது. அந்த ஞாயிறு வேறு ஆட்டமே இல்லை. நாடு முழுக்க டிவி முன்னால் உட்காருகிற அத்தனை பேருக்கும் இது ஒன்றுதான் கதி. 'ஒரே ஞாயிறு, ஒரே ஆட்டம்' என்று அரை மணிக்கொரு முறை விளம்பரம் ஓடியது. இடி இடித்தது. சீசன் முழுக்க உருண்டு விழுந்துகொண்டிருந்த ஆட்டக்காரர்கள் மெதுவாக, புகைக்கு நடுவே, கையைக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். கடைசி இடத்துக்கான போட்டி என்று யார் சொல்ல முடியும்? சாம்ராஜ்யத்துக்கான போர் போல் இருந்தது. இவ்வளவும் செய்த பிறகு பிற்பகலில் காட்ட முடியுமா?

"மேட்ச்சை சாயங்காலத்துக்குத் தள்ளிட்டேன்மா" என்றார் பிரைம் டைம். "உங்க ஐடியா பிரமாதம். புல்லுன்னு சொன்னீங்க பாருங்க, அங்கயே நான் புரிஞ்சுக்கிட்டிருக்கணும்."

சாயங்காலமும் போயிற்று. காலை மிச்சம் இருந்தது. அதை ரயில் எடுத்துக்கொண்டது. காலையில் வரவேண்டிய வண்டி ஏதோ பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, வெயில் இறங்கின பிறகுதான் நகர்ந்தது. அவர் தோள்பையோடு நேராக மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது, கட்டுப்பாட்டு அறைச் சுவர் முழுக்கத் திரைகள் எரிந்துகொண்டிருந்தன. கட்டம்மா ஒரு காதில் பெரிய ஹெட்போனும் இன்னொரு காதில் போனுமாக இருந்தாள். அவரைப் பார்த்ததும் போனில் "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

"சாப்பிட்டீங்களா?"

"அதைக் கேக்கத்தான் போன் இருக்கே" என்றார் அவர்.

அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். மெஷினிலிருந்து டீ வந்தது. அவர் ஆட்டத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. "அந்த மூணாவது விளக்குக் கம்பத்துல ரெண்டு பல்பு அவுட்டு. யாராவது பாத்தாங்களா?" என்றார். அவள் கம்பத்தைப் பார்ப்பது போல் திரும்பி அவருடைய காதோரத்தைப் பார்த்தாள். போன தடவை பார்த்ததைவிட அங்கே நரை கூடியிருந்தது. அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். முதல் பாதி முழுக்க யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இடைவேளையில் அவருடைய ரயிலுக்கு நேரமாகிவிட்டது, விடிந்தால் ஷிப்டு. படிக்கட்டு வரைக்கும் கூட வந்தாள்.

"வீட்டுல ஃபேன் எத்தனைல வைக்கிறே?" என்றார்.

"நாலு."

"நாலா? குளிர்ல செத்துடுவே" என்று ஆரம்பித்தார். உள்ளேயிருந்து பிரைம் டைம் குரல் கொடுத்தார். வீட்டுக்காரர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சண்டையைப் பாதியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

இரண்டாம் பாதி முடியப் போகிற நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. ரயில் சத்தம்.

"பக்கத்து சீட்டுக்காரர் போன்ல உன் மேட்ச்சைத்தான் பாக்கறேன். எங்க பெட்டியே பாக்குது. நீயும் பாத்துக்கிட்டிருக்கியா?"

"பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

"வைக்காதே. பேசாட்டியும் பரவால்ல, வைக்காதே."

அவள் வைக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அந்தப் பக்கம் தண்டவாளம் தடதடத்தது, இந்தப் பக்கம் திரைகள் மினுங்கின. ஒரே ஆட்டத்தை இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் கடைசி இடத்து அணியின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் பந்தை எங்கோ உதைக்க நினைத்து எங்கோ உதைத்தார். அது வளைந்து போய் எதிரணியின் வலைக்குள் விழுந்தது. கட்டுப்பாட்டு அறை துள்ளிக் குதித்தது. பிரைம் டைம் நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

கட்டம்மா சட்டென்று போனை உள்ளங்கையால் மூடினாள். இந்த அறைக்குப் படம் மைதானத்திலிருந்து நேராக வந்துவிடும். வெளியே போகிற படமோ சாட்டிலைட் ஏறி, சேனல் கட்டிடத்துக்குள் நுழைந்து, விளம்பரத்தை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, டவர் டவராகத் தாவி ஓடுகிற ரயிலைப் பிடிக்க அரை நிமிடம் ஆகும். அவருக்குப் பந்து இன்னும் நடு மைதானத்தில்தான் இருக்கிறது.

அறை அடங்கியதும் கையை மெல்ல எடுத்தாள்.

"என்ன அங்க சத்தம்?"

"டீ மெஷின்."

காத்திருந்தாள். ரயில் ஏதோ ஒரு ஸ்டேஷனை நிற்காமல் தாண்டியது. பிறகு அந்தப் பெட்டி முழுக்க ஒரு கூச்சல் கிளம்பியது. அதற்கு நடுவில் அவருடைய குரல், கல்யாணமான புதிதில் அவள் கேட்ட அதே குரல்:

"ஏய், கோல்! பாத்தியா, பாத்தியா?"

"கோல்!" என்று கட்டம்மா அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். பிரைம் டைம் நாற்காலியிலிருந்து பாதி இறங்கிய நிலையில் நின்றார்.

"என்னம்மா, உங்களுக்கு இப்பத்தான் பந்து உள்ள போச்சா?"

அவள் அவருக்கு முதுகைக் காட்டி, சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

"சரியாத் தெரியலீங்க" என்றாள் போனில். "யாரு அடிச்சா? மொதல்லேருந்து சொல்லுங்க."