தராசு சாரும் நூற்று நாற்பத்தேழு வரிகளும்

காலை ஒன்பது பத்துக்குத் தராசு சார் சாமான் அறையைத் திறந்து, மேசைக்கடியில் கிடக்கும் பழைய சர்வர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போலத்தான். சூடு குறைவாக இருந்தால் "இன்னைக்குப் பரவால்ல" என்று முனகுவார். அதிகமாக இருந்தால் எதிரே ஸ்டூலில் நிற்கும் மேசை விசிறியை ஒரு எண் கூட்டுவார். இதைத் தாண்டிய வைத்தியம் எதுவும் அவர் கைவசம் இல்லை.

அது செயற்கைப் பல் செய்து தரும் கூடம். பல் மருத்துவர்கள் ஸ்கேன் எடுத்து அனுப்பும் வாய்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. மொத்தம் நாற்பதாயிரம் வாய்கள். பன்னிரண்டு வருடம் ஓடித் தேய்ந்த பெட்டி; இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் முதலாளியம்மா தராசு சாரைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திடலாம், வெளிக் கம்பெனி சர்வர்ல வாடகைக்கு இடம் எடுத்தா போதும். மூணு கம்பெனி இருக்கு, எது தேவலைன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். அந்த அம்மாள் செய்த ஒரே தப்பு, எப்போது சொல்ல வேண்டும் என்று சொல்லாமல் விட்டதுதான்.

தராசு சார் அட்டவணை போட்டார். பக்கவாட்டில் மூன்று கம்பெனி, கீழ்நோக்கிப் பன்னிரண்டு வரி. வாடகை, இடம், வேகம் என்று யாரும் போடும் வரிகள். இன்று அது நூற்று நாற்பத்தேழு வரியாக வளர்ந்து நிற்கிறது. பழைய கோப்பைத் திரும்ப எடுக்கக் கட்டணம் எவ்வளவு என்பதற்கு ஒரு வரி. உதவிக்குப் போன் செய்தால் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரி. காத்திருக்கும்போது புல்லாங்குழலா, பியானோவா என்பதற்கும் ஒரு வரி. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் வேறு. ஒவ்வொரு முறை கூட்டிப் பார்க்கும்போதும் மூன்றும் அரை மதிப்பெண் வித்தியாசத்தில் வந்து நிற்கும். உடனே அவர் இன்னொரு வரி சேர்ப்பார்.

"அவசரப்பட்டு ஒண்ணைச் சொல்லிட்டு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? யார் சொன்னதுன்னுதானே கேப்பாங்க?" என்பது அவர் கட்சி. கேட்பார்கள்தான். ஆனால் அட்டவணை போட்டுக்கொண்டிருப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதை அவர் எப்போதோ கண்டுகொண்டார்.

மூன்று கம்பெனி விற்பனையாளர்களும் அவரை ஆட்டிப் பார்த்து அலுத்தவர்கள். "எங்க சேவை தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பது ஒம்பது சதவீதம் நிக்காம ஓடும் சார்" என்று ஒருவர் மார்தட்டியபோது, "மீதி புள்ளி பூஜ்யம் ஒண்ணு எந்தக் கிழமைல வரும்? திங்கக்கிழமை காலைன்னா எனக்கு ஒத்து வராது" என்று கேட்டவர் நம்மாள். அந்த விற்பனையாளர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக எழுந்து போனார். அதற்கும் ஒரு வரி சேர்ந்தது.

அலுத்தாலும் விடமாட்டார்கள். திங்கள் ஒருவர், புதன் ஒருவர், வெள்ளி ஒருவர் என்று முறை வைத்துப் போன் வரும். "சார், முதுகுவலி எப்படி இருக்கு?" "பாப்பாவுக்குப் பரீட்சை முடிஞ்சுதா சார்?" கூடத்தில் இருக்கும் இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூட அவர் முதுகைப் பற்றிக் கேட்டது கிடையாது. மூன்று கம்பெனியும் பீங்கான் கோப்பை கொடுத்திருக்கின்றன. பாரபட்சம் கூடாது என்று முறை மாற்றி மாற்றி மூன்றிலும் காபி குடிக்கிறார். பல்லுக்கு மெருகேற்றும் அக்கா (அவரைவிட மூன்று வயது இளையவர், ஆனாலும் எல்லோருக்கும் அக்கா) ஒருநாள் பட்டென்று போட்டு உடைத்தார்.

"கழுத்தை நீட்டிட்டா அப்புறம் யார் பொண்ணு பார்க்க வருவா? அதான் சார் நீட்ட மாட்டேங்கிறார்!"

அவர் சிரித்து மழுப்பினார். ஆனால் அன்று அவர் காபி பாதியிலேயே ஆறிப்போனது.

வீட்டிலும் இதே கதைதான். துணி துவைக்கும் இயந்திரம் வாங்க இரண்டு வருடம் ஒப்பிட்டார். அந்த இரண்டு வருடமும் துவைத்தது மனைவியின் கை. "என்னை எத்தனை வரி போட்டுப் பார்த்துக் கட்டினீங்க?" என்று அந்த அம்மாள் ஒருமுறை கேட்டார். "உன்னை ஒப்பிடவே இல்லைம்மா. எங்கப்பா அவசரப்படுத்திட்டார்." "அதான் நல்லா அமைஞ்சிருக்கேன்" என்று அவர் ஈரத்துணியை உதறிவிட்டுப் போனார்.

அதுவரைக்கும் கணினியில் செருகும் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வாய்களை நகலாவது எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் ஓர் அட்டவணை உண்டு. பதினோரு தயாரிப்புகள்.

ஒரு புதன்கிழமை ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்தார். கழுவும்போது பல்செட் கைநழுவி இரண்டாகிவிட்டது. சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். பழைய ஸ்கேன் இருந்தால் இரண்டு நாளில் புதிய செட் செய்துவிடலாம். புதிதாக அளவெடுத்தால் ஒரு வாரம். "உங்க வாய் எங்ககிட்ட பத்திரமா இருக்குய்யா" என்று அக்கா தெம்பாகச் சொல்லிக் கணினியைத் தட்டினார். திரையில் ஒன்றும் வரவில்லை.

பெட்டி நின்றுவிட்டது.

தராசு சார் ஓடினார். மூடியைக் கழற்றித் தூசி ஊதினார், விசிறியை உச்சத்தில் வைத்தார், பொத்தானை அமுக்கினார், மறுபடி அமுக்கினார். பெட்டி வாய் திறக்கவில்லை. நாற்பதாயிரம் வாய்களும் அதோடு மூடிக்கொண்டன. அவர் நிஜமாகவே பயந்துவிட்டார். வெளியே பெரியவர் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தது சாமான் அறை வரைக்கும் கேட்டது.

"போட்டோவுல வாயை மூடிக்கிட்டு நின்னுக்கிறேன்மா, அது பரவால்ல. ஆனா புள்ளையப் பார்த்ததும் சிரிப்பு வந்துட்டா என்ன பண்றது?"

இரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டி என்ன நினைத்துக்கொண்டதோ, ஒரு முக்கலோடு எழுந்தது. பெரியவரின் வாய் திரையில் வந்தது. அக்கா அதைப் பென் டிரைவில் வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார்.

முதலாளியம்மா சாமான் அறை வாசலுக்கே வந்து நின்றார். கத்தவில்லை. "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு ஒரு பேர் சொல்றீங்க. இல்லேன்னா நான் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்துடுவேன்." மூன்று வருட உழைப்பைச் சீட்டுக் குலுக்குவதா! அந்த அவமானத்தில் தராசு சார் வியாழன் முழுக்கச் சாப்பாட்டை மறந்து அட்டவணையோடு மல்லுக்கு நின்றார். நூற்று நாற்பத்தெட்டாவது வரி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் சார், எல்லாரையும் போட்டிருக்கீங்க. நம்ம பெட்டிக்கு மட்டும் ஏன் இடம் குடுக்கலை? மூணு வருஷமா நீங்க தேர்ந்தெடுத்து வச்சிருக்கிறது அதைத்தானே?"

அக்கா போனபிறகு அவர் நான்காவதாக ஒரு பத்தியைச் சேர்த்து, தலைப்பில் 'நம் பெட்டி' என்று எழுதி, முதல் வரியிலிருந்து நேர்மையாக நிரப்பிக்கொண்டு வந்தார். இரண்டாவது பிரதி: இல்லை. வேறு கட்டடத்தில் பிரதி: இல்லை. தீப்பிடித்தால்: ஒரு வாளித் தண்ணீர். சூடானால்: விசிறி. வரிக்கு வரி சிவப்பு ஏறி, கடைசியில் பத்தி முழுவதும் மிளகாய்ப் பழமாகக் காந்தியது. ஒரே ஒரு வரியில்தான் பெட்டி மற்ற மூன்றையும் தோற்கடித்தது. 'கூப்பிட்டால் ஆள் வர ஆகும் நேரம்: அரை நிமிடம்.' அந்த ஆள் அவர்தான். அந்த ஒற்றைப் பச்சைக் கட்டத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி. முதலாளியம்மா பல்செட் ஊறவைக்கும் டப்பாவில் மூன்று சீட்டு மடித்துப் போட்டு வைத்திருந்தார். "பேர் என்ன?"

"மூணுல எதை எடுத்தாலும் ஒண்ணுதான்மா" என்றார் தராசு சார். கூடம் நிமிர்ந்து பார்த்தது. அந்த வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்ததில்லை.

"அப்ப எடுங்க."

எடுத்தார். பிரித்துப் படித்தார். பிறகு தயங்கி, "மத்த ரெண்டையும் ஒரு தடவை பிரிச்சுப் பார்த்துக்கட்டுமா?" என்றார். முதலாளியம்மா டப்பாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பத்து நாளில் நாற்பதாயிரம் வாய்களும் போய்ச் சேர்ந்தன. புதன், வெள்ளி போன்கள் நின்றன. ஜெயித்த கம்பெனிக்காரர் திங்கள்கிழமை ஒரு எண்ணை அனுப்பி, இனி எதுவானாலும் இதில் கேளுங்கள் என்று எழுதியிருந்தார். முதுகைப் பற்றி ஒன்றும் இல்லை. பல்செட் டிரைவர் மட்டும் கல்யாணப் போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் அவர் மாப்பிள்ளையைவிட அதிகமாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

பெட்டியை நிறுத்துவதற்கு முன் தராசு சார் எண்ணிக்கையை மூன்று முறை சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு மனிதக் குரல் சொல்லிக் கேட்க வேண்டும் போலிருந்தது அவருக்கு. அந்த எண்ணைப் போட்டு, போனை ஸ்பீக்கரில் விட்டு விசிறி நிற்கும் ஸ்டூலில் வைத்தார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்றது ஒரு பெண் குரல். பிறகு புல்லாங்குழல். அட்டவணையில் நான்கு நிமிடம் என்று போட்டிருந்தார், பதினொன்று ஆனது. கடைசியில் யாரோ ஒரு தம்பி வந்து, "எல்லாம் வந்துடுச்சு சார். வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றான்.

"வேண்டாம்ப்பா" என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினார். பெட்டியின் இரைச்சல் அடங்கியது. விசிறியையும் நிறுத்தினார். பிறகு குனிந்து அதன் தலையில் உள்ளங்கையை வைத்தவர், சூடு முழுக்க ஆறும்வரை கையை எடுக்கவில்லை.