பாலிஷ் போட்ட ஸ்டெப்னி

சென்ற வாரம் என் மகனின் காரைக் கூடுவாஞ்சேரியில் ஒரு டயர் கடைக்கு ஓட்டிச் சென்றேன். வாசலில் வெயில் காய்ந்தபடியே ஆண்டுகளைக் கழித்த கார் அது. கடைக்காரர் டயரில் சாலையைப் பற்றும் மேடுகளான பட்டன்களைத் தடவிப் பார்த்தார். பின் குனிந்து பக்கவாட்டில் கட்டைவிரலை அழுத்தினார். மயிரிழை போன்ற வெடிப்புகள் வாய் திறந்தன.

“பட்டன் அப்டியே கீது சார். ஆனா டயரு செத்துப்போச்சு. ஓடாமலே வயசாயிடுச்சு.”

நண்பரே, அப்போது எழுந்த பழைய ரப்பரின் வாடை என்னைச் செங்கற்பட்டு டாக்ஸி ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்திற்று.

அங்கே டாக்ஸி ஓட்டிய எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நெடுந்தூரச் சவாரிக்குப் புறப்படுகிறவன், ஸ்டாண்டிலேயே சிறந்த ஸ்டெப்னியை, அதாவது உபரி டயரை, கேட்டு வாங்கித் தன் வண்டியில் ஏற்றிக்கொள்வான். எவனுடைய ஸ்டெப்னி கேட்கப்படுகிறதோ அவனுக்கு அன்று தனி மரியாதை. அந்த மரியாதைக்காகவே நான் ஒரு புது டயரைப் பல ஆண்டுகள் ஓட்டாமல் கேரியரின் மேல் கட்டிவைத்திருந்தேன். நான் ஓடியதெல்லாம் தேய்ந்தபின் மேலே புது ரப்பர் ஒட்டி ரீபட்டன் போட்ட டயர்களில்தான்.

பஞ்சர் கடை தேவசகாயம் ஒருநாள் அதைக் கண்டு முகம் சுளித்தான்.

“அண்ணாத்த, சைடுல வெடிச்சிகினு கீது பாரு. தூக்கிக் கடாசு.”

“ஏன், ஒனக்கு ஒரு புது டயரு விக்கணுமா?” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் கறுப்பு பாலிஷ் வாங்கி டயர் முழுவதும் பூசினேன். என் செருப்பு அப்படியொரு உபசாரத்தை ஒருநாளும் கண்டதில்லை. வெடிப்புகள் மறைந்தன. ஏமாற்றும் எண்ணம் எனக்கில்லை. அழகுக்காகவே பூசினேன் என்று அன்று நம்பினேன்.

மாமல்லபுரத்துச் சவாரிக்காக மாணிக்கம் அதைக் கேட்டான். ஸ்டாண்டில் என் பக்கத்து வண்டிக்காரன். ஒரே பொட்டலத்தில் நாஸ்தா தின்ற நண்பன்.

“மச்சான், புது மாப்ள மாரி கீதுடா!” என்று டயரைத் தட்டினான். தேவசகாயம் சொன்னது என் தொண்டைவரை வந்தது. “எட்த்துகினு போ” என்றுதான் சொன்னேன்.

திருப்போரூரில் அவன் முன்சக்கரம் பஞ்சராயிற்று. என் டயரை மாட்டினான். நெம்மேலியை நெருங்குகையில் அது வெடித்தது. வண்டி சவுக்குத் தோப்பில் புகுந்தது. சவாரியாக வந்த தம்பதிக்குச் சிராய்ப்புகள் மட்டுமே. மாணிக்கத்தின் வலது முழங்கால் நொறுங்கிற்று. அதன்பின் அவன் பிரேக்கை மிதிக்கவே இல்லை.

மருத்துவமனையில் என் முகத்தைப் பார்த்து, அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

“இன்னாடா மச்சான், எழவு வூடு மாரி மூஞ்ச வச்சிகினு கீற? ஒன் டயரு நல்ல டயருதான். ஆணி எதுனா ஏறியிருக்கும்.”

நான் “ஆமாம்” என்றேன்.

தேவசகாயமும் எவரிடமும் வாய் திறக்கவில்லை. என் வண்டிக்கு மட்டும் அதன்பின் அவன் பஞ்சர் ஒட்டவில்லை. ஸ்டாண்டு இருந்த இடத்தில் இன்று கைப்பேசிக் கடைகள். சவுக்குத் தோப்பு மனைகளாயிற்று. தேவசகாயம் முதலில் போனான்; மாணிக்கம் சென்ற தை மாதம் போனான், ஆணியின் மீதே பழியை வைத்தபடி.

புது டயர்களை மாட்டி முடித்த கடைக்காரர் கேட்டார்: “பாலிஷ் போட்டு வுடவா சார்? பளபளன்னு இருக்கும்.”

கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கக்கூடியவன் ஒருவன், நான் சொல்லி விளங்கவைத்திருக்க வேண்டியவன் இன்னொருவன்; இருவரும் இன்று இல்லை.