செம்பனைக்குள் கேட்ட பெயர்

மகள் படித்துவிட்டுப் போடும் மாயாஜால சாகச நாவல்களை அவளைவிட வேகமாகப் படிப்பவள் நான். ஒரே ஒரு குறைதான் எனக்கு. காட்டுக்குள்ளிருந்து யாராவது பெயர் சொல்லி அழைத்தால் போதும், கதாநாயகி உடனே உள்ளே போய்விடுவாள். இவ்வளவு புத்தி கெட்ட பெண் எங்கே இருக்கிறாள் என்று எரிச்சலாக வரும்.

போன பள்ளி விடுமுறையில், லாபிஸில் இருக்கும் என் கணவரின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அக்கா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் உதிர்ந்த பழம் பொறுக்க, நான் ஓரமாக உட்கார்ந்து அப்படியொரு நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். உள்ளேயிருந்து “சுந்து” என்று குரல் கேட்டது. அக்காவின் குரலேதான். புத்தகத்தை மூடிவிட்டு நடந்தேன். மறுபடியும் “சுந்து”. இன்னும் உள்ளே போனேன்.

பின்னால் யாரோ கை தட்டினார்கள். திரும்பினால், நான் வந்த பக்கத்தில் அக்கா நிற்கிறார்.

“எங்கம்மா போற? முன்னால பாரு. அந்த மட்டைக்கு அடியில பழைய கெணறு இருக்கு லா.”

“நீங்கதானே அக்கா கூப்பிட்டீங்க?”

“தோட்டத்துக்குள்ள நாங்க யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். கைதான் தட்டுவோம். என்ன பேரு கேட்டுச்சு?”

சுந்து என்பது என் அம்மா வீட்டில் மட்டும் புழங்கிய பெயர். அக்காவுக்கு அது தெரியவே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

நாவல்களை இன்னும் படிக்கிறேன். கதாநாயகியைத் திட்டுவதை விட்டுவிட்டேன். வீட்டில் மகள் மாடியிலிருந்து என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுகிறாள். “அம்மா” என்று வெறும் குரல் கேட்டால் நான் எழுந்திருப்பதில்லை.

- சுந்தரி, பெர்மாஸ் ஜெயா