பிளேடால் வெட்டிய விளம்பரம்

வெட்டியது நான்தான். இத்தனை வருஷம் கழித்தாவது ஒப்புக்கொள்கிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலை ஒட்டிய வாசகசாலைக்கு இங்கிலீஷ் பேப்பர் ஒன்றே ஒன்று வரும். பி.எஸ்ஸி. முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நானும் என் சிநேகிதியும் அதற்காகவே தினமும் போவோம். ஒரே தெரு, ஒரே காலேஜ், ஒரே கெமிஸ்ட்ரி. ஆனால் அவள் முதல் வகுப்பு, நான் இரண்டாம் வகுப்பு. ஹார்பரில் மூட்டை தூக்கிய அவள் அப்பா இடுப்பு ஒடிந்து படுத்துக் கிடந்தார். அவள் சம்பாதித்தால்தான் அந்த வீட்டில் உலை.

அன்று நான் முன்னால் போய்விட்டேன். யூனிவர்சிட்டிக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் கால் பக்கத்துக்கு வந்திருந்தது, பேராசிரியரில் தொடங்கி அட்டெண்டர் வரைக்கும். நடுவில் கெமிஸ்ட்ரி லேபுக்கு டெமான்ஸ்ட்ரேட்டர், ஒரே ஒரு இடம். அவளும் போட்டால் எனக்கு எங்கே கிடைக்கும்? பென்சில் சீவுகிற பிளேடு பையில் இருந்தது. வாசகசாலையைப் பார்த்துக்கொண்ட கோயில்பிள்ளை மணியடிக்கப் போன நேரம் பார்த்து, வெட்டி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். எனக்கு வந்த புத்தியைப் பாருங்கள்!

அவள் வந்தபோது கோயில்பிள்ளை கத்திக்கொண்டிருந்தார். வெட்டிய இடத்துக்குப் பின்பக்கம் சினிமா விளம்பரமாம். "எவனோ நடிகை படத்த அறுத்துக்கினு பூட்டான். இன்னா ஜென்மமோ!" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வெட்கங்கெட்டவள், நானும் சிரித்தேன்.

இன்டர்வியூ கார்டு வந்ததும் தெருவுக்கே தெரிந்துபோயிற்று. அவள் ஓடி வந்தாள். சொந்தக்காரர் ஒருவர் சொல்லித்தான் போட்டேன் என்று புளுகினேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதாடி? நானும் போட்டிருப்பேன்ல" என்றாள். அவ்வளவுதான். இன்டர்வியூ அன்று காலையில் தன்னிடமிருந்த ஒரே நல்ல புடவையை இஸ்திரி போட்டு எடுத்துவந்து, அவளே கொசுவம் வைத்துக் கட்டிவிட்டாள். "நம்ம தெருவுல ஒருத்தியாவது உள்ள பூந்தா சரிடி." எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அதைக் கட்டிக்கொண்டுதான் போனேன்.

இன்டர்வியூவில் பெரியவர் ஒருவர் என் மார்க்கைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் சலித்துக்கொண்டார். "ஃபர்ஸ்ட் கிளாஸ்காரங்க எல்லாம் மேல படிக்கப் போயிடறாங்க. ஒருத்தர்கூட அப்ளை பண்ணலையே. இந்த வருஷம் இடத்தைக் காலியாவே விட்டுடலாம்."

அவள் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள். "இன்னா ஆச்சுடி?" அந்த நிமிஷமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் மார்க்குக்குத்தான் அங்கே ஆள் தேடுகிறார்கள், அடுத்த வருஷம் நீ போடு என்றாவது சொல்லியிருக்கலாம். "சிபாரிசு இல்லாம ஆவாதாம்" என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வீடு வரைக்கும் என் கையை விடாமல் திட்டிக்கொண்டே வந்தாள். "நமக்கு வர வேண்டியத எவனோ அமுக்கிக்கினான் பாரு. அவன்லாம் உருப்புடுவானாடி?"

"மாட்டான்" என்றேன்.