அம்மா கூப்பிட்ட கன்னுக்குட்டி

ஃபிரிஸ்கோவில் புதுவீட்டு முற்றத்தில் புல்விதை மேல் பரப்பிய வைக்கோல் மழையில் நனைந்து மணத்தபோது, இதே ஊரோரம் நாங்கள் இறைச்சிக்கு விற்க ஆங்கஸ் மாடு வளர்த்த பண்ணையும், தாயை இழந்த கறுப்புக் கன்றுக்கு அம்மா காலையும் மாலையும் புட்டிப்பால் கொடுத்ததும் நினைவுக்கு வந்தன. "கன்னுக்குட்டி, வா சாமி" என்பாள்; என்னையும் அப்படியே அழைப்பாள் என்பதால் இருவருமே ஓடுவோம்.

"விக்கிறதுக்குப் பேரு வெக்காதே" என்பார் அப்பா.

"கன்னுக்குட்டிய வேற எப்படீங்க கூப்புடறது?"

விற்ற அன்று அது டிரெய்லரில் ஏறாமல் முரண்டு பிடித்தது.

"நீயே கூப்புடு" என்றார் அப்பா, அம்மாவின் முகம் பார்க்காமல்.

அம்மா டிரெய்லருக்குள்ளே ஏறி நின்று கூப்பிட்டாள். அது துள்ளி ஏறியது. பழக்கத்தில் நானும் இரண்டடி ஓடி நின்றேன்.

அதன்பிறகு அம்மா என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள்.