கேக்கில் மிஞ்சிய ஒரு பூ

நான் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் பின்னக் கணக்கில் என்னை யாரும் அசைக்க முடியாது. மலேசியாவின் லுக்குட்டில் நான் வேலை செய்யும் பட்டறைக்குப் பழைய லாரி ஏதாவது வந்தால், நட்டைப் பார்த்ததுமே எட்டில் மூன்று அங்குலமா, பதினாறில் ஏழா என்று சொல்லி ஸ்பேனரை எடுத்துவிடுவேன். இதை எங்கே படித்தீர்கள் என்று பையன்கள் கேட்பார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன். ஒரு கேக்கில் படித்தேன் என்றால் நம்பவா போகிறார்கள்?

பெடாஸிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். ரப்பர் மரங்களுக்கு நடுவில், பலகைச் சுவர் வைத்த தமிழ்ப்பள்ளி. மூன்றாம் வகுப்பில் நாங்கள் எட்டே பேர். அதில் வாயே திறக்காதவன் நான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேன். பதில் தெரிந்தாலும் நிற்பேன், தெரியாவிட்டாலும் நிற்பேன். எனக்கும் சேர்த்துப் பேசியவள் பக்கத்து மேசையில் இருந்த என் மாமா மகள்.

தெமியாங்கிலிருந்து புதிதாக வந்த வாத்தியார், எங்களுக்குப் பின்னம் புரியவைக்கப் படாத பாடு பட்டார். கரும்பலகையில் வட்டம் போட்டுக் கோடு கிழித்து, எட்டில் ஒன்று பெரிதா நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்பார். எட்டுதான் பெரிது என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். ஒரு நாள் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கு ஒரு கேக் கொண்டுவருகிறேன் என்றார்.

அன்று மாலைக்குள் நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மறுநாள் பள்ளிக்கூட வயதே ஆகாத என் தங்கச்சியும் என் பின்னாலேயே வந்து, வகுப்புக்கு வெளியே சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கொரு பூ என்று எட்டு கிரீம் ரோஜா வைக்கச் சொல்லித்தான் வாத்தியார் கேக் வாங்கியிருக்கிறார். எங்கள் தோட்டத்துச் செம்மண் பாதையைப் பற்றிக் கடைக்காரருக்கு யார் சொல்வது? மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்த பெட்டியைத் திறந்தபோது, ஏழு ரோஜாக்கள் மூடியில் அப்பிக் கிடந்தன. ஒன்றே ஒன்று மட்டும் கேக்கின் மேல் கம்பீரமாக நின்றது.

சன்னலிலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, அந்தப் பூவு எனக்குத்தான் லா."

வகுப்பு சிரித்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நான் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டேன். அண்ணன் தலையாட்டினால் அவளுக்கு அது சத்தியம். இனி அந்தப் பூ இல்லாமல் நான் வெளியே போக முடியாது.

வாத்தியார் கேக்கை வெட்டினார். ஒவ்வொரு துண்டும் எட்டில் ஒன்று, எல்லாம் சமம் என்றார். மாமா மகள் எழுந்தாள்.

"சமமில்ல சார். ஒண்ணுல பூ இருக்கே."

"கணக்குல பூ சேராதும்மா."

"அப்ப அந்தத் துண்ட எனக்குக் குடுத்துடுங்க சார்."

உடனே ஆளாளுக்கு அந்தத் துண்டைக் கேட்டார்கள். வாத்தியார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். அப்போதுதான் பின்வரிசைப் பையன் ஒருவன், கூறு போட்டுவிடலாம் என்றான்.

தீபாவளிக்கு லயத்தில் பல குடும்பங்கள் சேர்ந்து ஆடு வெட்டும். கறியைக் கூறு கூறாக இலையில் வைத்ததும், ஒருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். இன்னொருவர் குச்சியால் ஒரு கூறைத் தொட்டு, இது யாருக்கு என்பார். திரும்பி நிற்பவர் பார்க்காமலே ஒரு பேரைச் சொல்வார். நெஞ்சுக்கறியோ எலும்போ, கிடைத்ததை எடுத்துக்கொண்டு பேசாமல் போக வேண்டும். பேர் சொல்பவருக்குக் கடைசியில் மிஞ்சுவதுதான். இதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

வாத்தியாருக்கு இது பிடித்துப்போனது. குச்சிக்குப் பதில் அடிக்கோலைக் கையில் எடுத்தவர், சன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ வா. சன்னல் பக்கம் திரும்பி நில்லு."

முதல் பேர் என் தொண்டையிலிருந்து கோழிக்குஞ்சு கத்துவதுபோல் வந்தது. ஆனால் வகுப்பில் யார் முகமும் தெரியாததால் இரண்டாவது கொஞ்சம் தெளிவாக வந்தது. எதிரே தங்கச்சியின் முகம். அவள் வாயைத் திறந்துகொண்டு அடிக்கோலையே பார்ப்பாள். நான் பேர் சொன்னதும் மூச்சு விட்டுச் சிரிப்பாள். அப்பாடா, பூ இன்னும் இருக்கிறது. மாமா மகள் பேரைச் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். பூ கிடைக்காவிட்டால் அவள் ஊரைக் கூட்டிவிடுவாள். ஆனால் பின்னால் சத்தமே இல்லை.

கடைசியில் என் பேரை நானே சொன்னேன், உரக்க. தங்கச்சி கம்பியை விட்டுக் குதித்தாள். திரும்பிப் பார்த்தேன். பூ வைத்த துண்டு எனக்காகக் காத்திருந்தது.

ஓய்வு மணி அடித்ததும் அதைச் சரிபாதியாக்கி, பூ இருந்த பாதியை அவளிடம் கொடுத்தேன். பூவை நக்கிப் பார்த்துவிட்டு, மிச்சத்தை என் மூக்கில் அப்பினாள். உள்ளே மற்றவர்கள் மூடியை வழித்து நக்கிக்கொண்டிருந்தார்கள். நான் யாரும் கேட்காமலே வாத்தியாரிடம் போனேன்.

"பாதி குடுத்துட்டேன் சார். இப்ப எனக்குப் பதினாறுல ஒண்ணு."

"அது எட்டுல ஒண்ண விடப் பெருசா, சின்னதா?"

"சின்னது சார். வாயில வச்சதும் தீந்துபோச்சு."

வாத்தியார் மேசையைத் தட்டிச் சிரித்த சிரிப்பு அடுத்த வகுப்புக்குக் கேட்டிருக்கும். அன்று வீடு திரும்பும்போது, பூவை எனக்கென்று காப்பாற்றித் தந்த எங்கள் தோட்டத்துக் காவல் சாமி முனீஸ்வரருக்கு ஒரு செம்பருத்தியைப் பறித்து வைத்தேன். மாமா மகளும் பக்கத்தில் நின்று கும்பிட்டாள். அவள் தோள் ஏன் குலுங்கியது என்று நான் கேட்கவில்லை.

அவள்தான் பிறகு என் மனைவியானாள். போன மாதம் தங்கச்சி வீட்டில் அவள் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது, நான் இந்த முனீஸ்வரர் கதையைச் சொன்னேன். மனைவியும் தங்கச்சியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"அந்த அடிக்கோலு பூவச் சுத்திச் சுத்திப் போச்சு, பூ மேல மட்டும் வைக்கவே இல்ல. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்" என்றாள் மனைவி.

சண்டைக்காரியாயிற்றே, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கிளாஸ்ல உங்க கொரல அன்னிக்குத்தான் மொதல்ல கேக்குறோம். நடுவுல நிறுத்திட்டீங்கன்னா?"

நானோ சன்னலைப் பார்த்தபடி, எல்லாம் சமமாகத்தான் நடக்கிறது என்று நம்பி, ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.